சாட்சிக்கு விட்ட மண்

இரிங்க தம்பி. அந்த டேப்பைக் கொஞ்சம் கீழ வையுங்க. டீ அடுப்புல இருக்கு, ஒரு கொதி வந்தா ஆச்சு. இந்த வெயில்ல வந்திருக்கீங்க, வந்த காலோட அளக்க வேண்டாம். ஆளுகளை நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்கீங்க? அப்ப இன்னைக்கு ஒண்ணும் ஓடிப் போகாது. மெதுவாப் பேசுவோம். பிள்ளைகளுக்க அப்பா முன்னால நாற்காலியில இருக்காரு. கண்ணுதான் மங்கல், காது நல்லாக் கேக்கும்.

என் பேரு லீலாபாய். எட்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சேன். பைபிள் வாசிப்பேன், கரண்டு பில்லு வாசிப்பேன், அதுக்கு மேல வாசிக்கத் தேவை வரல்ல. கணக்கு எனக்குச் சுத்தமா ஆகாது. ஆனா இந்த மண்ணுக் கணக்கு மட்டும் மனப்பாடம். ஓணத்துக்கு முன்னால தொடங்கினது, இந்த வீட்டுல வேற பேச்சே கிடையாது. பொறவு எப்படி மறக்கும்?

நீங்க அந்த மூணு திட்டைத்தானே அளக்க வந்தீங்க. அதைப் பத்தித்தான் உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணும். சும்மா கேட்டா, அம்மாவுக்கு என்னமோ ஆயிட்டுன்னு நினைப்பீங்க. அதனால முதல்ல இருந்து சொல்லிட்டுக் கேக்கேன்.

மகன் ஜெபின் மஸ்கட்ல இருக்கான். ஏ.சி. வேலை. நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்து சேந்த உடனே போன் வரும். இந்தப் பின்பக்கம் முன்ன இப்படிக் குளம் வத்தின மாதிரி இருக்காது. அடுக்களை வாசல்ல தரையோட தரையாத் தொடங்கும். பொறவு மெல்ல மெல்ல ஏறி, அந்தா கடைசியில செவப்பா ஒரு வெட்டுச் சுவரு தெரியுதே, அங்க எட்டடி உயரத்துல போய் நிக்கும். அதுக்கு அங்கால ரப்பர் தோட்டம். ஒரு பலா நின்னுது, ரெண்டு மூடு வாழை, ஒரு கறிவேப்பிலை. நடுவுல ஒத்தையடிப் பாதை. அவ்வளவுதான்.

போன ஈஸ்டருக்கு வந்தப்ப மருமக அந்தச் சரிவுல வழுக்கி விழுந்துட்டா. அன்னைக்கே சொல்லிட்டான் இவன். "அம்மா, இந்த மண்ணையெல்லாம் எடுத்து லெவல் பண்ணி லான் போடுவோம். பிள்ளைக ஓடி விளையாடும். ஒரு ஊஞ்சல், நாலு லைட்டு. கிறிஸ்மஸுக்கு வரும்போது முடிஞ்சிருக்கணும்." புல்லுக்கு ஒரு வெளிநாட்டுப் பேரு சொன்னான். புல்லையுமா மக்களே விலைக்கு வாங்குவாவன்னு கேட்டேன். சிரிச்சான்.

மண்ணு எடுக்க டென்னிசன் வந்தான். உங்களுக்குத் தெரியுமே, வயிறு முன்னால நடந்து வரும், அவன் பின்னால வருவான். அவன் சுத்திப் பாத்துட்டு, "நீளம் நாப்பது, அகலம் முப்பது, உயரம் எட்டு. தொண்ணூத்தாறு யூனிட் அம்மா"ன்னான். யூனிட்டுன்னா நூறு கனஅடியாம். அதை அப்படியே போன்ல மகன்கிட்ட சொன்னேன். அவன் வீடியோவுல வந்துட்டான். "அண்ணே, எட்டடி கடைசியிலதானே இருக்கு. அடுக்களைப் பக்கம் ஒண்ணுமே இல்லையே. ரெண்டையும் கூட்டிப் பாதி ஆக்குங்க. சராசரி நாலடிதான். நாப்பத்தெட்டு யூனிட்."

டென்னிசன் என்னைப் பாத்து, "மஸ்கட்ல இருந்துக்கிட்டே மண்ணை அளக்கான் பாத்தீங்களா? பக்கத்துல இருந்தா எனக்கு டீக்குக் கூட மிஞ்சாது"ன்னான். பொறவு இன்னொண்ணு சொன்னான். "நாப்பத்தெட்டு வெட்டினா நாப்பத்தெட்டு வராது. கெட்டி மண்ணு வெட்டினா உதிரும், உதிர்ந்தா பெருகும். லாரியில ஏறும்போது அறுபது ஆயிருக்கும். இருபது லோடு."

அதை நம்ப முடியல்ல எனக்கு. மகன்கிட்டயும் கேட்டேன், சரிதான்னான். உள்ள கிடக்க வரைக்கும் அடங்கிக் கிடக்குமாம். தோண்டி எடுத்துட்டா அதே குழியில பொறவு அடங்காதாம். அன்னைக்கே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிட்டு. ஜெபத்துல கூட அதுதான் வந்து நின்னுது.

உயரத்துக்கு இவன் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு சொல்ல, கடைசியில டென்னிசன்தான் சொன்னான். "உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். மூணு இடத்துல சாட்சி விட்டிருவோம்." சுத்தி வெட்டிட்டு அந்த மூணு திட்டை மட்டும் தொடாம விடுவாங்களாம். மேல பழைய தரை அப்படியே இருக்கும், புல்லு கூட இருக்கும். எஞ்சினியர் வந்து அதுக்க உயரத்தை அளந்து, இவ்வளவு மண்ணு இங்க இருந்ததுன்னு கணக்கு முடிச்ச பொறவு அதையும் இடிச்சு எடுத்திருவாங்களாம். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா. உங்க தொழிலு. எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இந்தாங்க டீ. சீனி போதுமா? பிள்ளைகளுக்க அப்பாவுக்குச் சீனி இல்லாமப் போட்டுப் போட்டு எனக்கு அளவே மறந்துட்டு.

இனி அவருகிட்டக் கேக்கணுமே. அதுதான் பெரிய மலை. அவரு பஸ் டெப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. சைலஸ் அண்ணன்னா ஜங்ஷன்ல எல்லாருக்கும் தெரியும். கோபக்காரரு. பலாக்கொப்பு கம்பியில முட்டுதுன்னு வெட்ட வந்த லைன்மேன் கூட மல்லுக்கு நின்னவரு. மகன் என்னைத்தான் பிடிச்சுத் தள்ளினான், "நீங்களே கேளுங்க அம்மா"ன்னு. நான் ரெண்டு நாள் ஜெபிச்சுட்டு, சாப்பாடு வெளம்பும்போது கேட்டேன்.

"எடுக்கட்டும்"னாரு.

"பலாவும் போகுமே."

"போகட்டும்."

எனக்கு அதிசயமா இருந்தது. மோரு ஊத்திட்டு நிக்கேன். அவரு தட்டைப் பாத்துக்கிட்டே சொல்லுதாரு. "அந்தப் பாதை இருக்கப்படாது. பின்னால வழியே வேண்டாம். இனி இந்த வீட்டுக்கு வாறவிய முன்வாசல் வழியா வரட்டும்."

கேட்டீங்களா தம்பி? நான் அடுக்களைக்குப் போய் நின்னு அழுதேன். செத்துப்போன பிள்ளை மேலயுமா இவ்வளவு பகை, ஆண்டவரேன்னு.

ஆமா, செத்துப்போன பிள்ளைன்னுதான் சொன்னேன். மகள். ஜெபினுக்கு இளையவ. பியூலா. போன வருசம் மழைக்காலத்துல போயிட்டா. மஞ்சக்காமாலை.

அவ எங்களைக் கேக்காம ஒரு பையனைக் கட்டிக்கிட்டா. இசக்கியப்பன்னு பேரு, பைக் ஒர்க்ஷாப் வச்சிருக்கான். வேற ஆளு, வேற கோவில். பையன் மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது, குடி கிடையாது. ஆனா பிள்ளைகளுக்க அப்பா முன்வாசல்ல நின்னு சொல்லிட்டாரு, "என் வாசல்நடையில அவ கால் படப்படாது"ன்னு. நாலு வீட்டுக்குக் கேட்டுது. சொன்ன சொல்லு சொன்னதுதான். அவரு அப்படி ஆளு.

அவ வீடு ரப்பர் தோட்டத்துக்கு அங்கால. ரோடு வழியா வந்தா சுத்து. தோட்டத்துக்குள்ள நடந்து அந்தச் சரிவுல இறங்கினா நேரே என் அடுக்களை வாசல். சாயங்காலம் அவரு டீ குடிக்க ஜங்ஷனுக்குப் போவாரு. அந்த நேரம் பாத்து அவ வருவா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு இறங்குவா, சத்தம் கேக்கப்படாதுன்னு. ஆனா மேல பாதையில பலா இலை காஞ்சு கிடக்கும்லா, அவ காலு படும்போது எனக்குத் தெரியும். இலைச் சத்தம் ஓயும், பொறவு பொத்துப் பொத்துன்னு மண்ணுல குதிகால் ஊன்றி இறங்குவா. சரிவுல இறங்குதவ அப்படித்தானே இறங்கணும்.

நான் என்ன இருந்தாலும் தாய் இல்லையா. ஒருநாளும் அவளை வெறும் வயித்தோட அனுப்பினது இல்ல. மீன் வச்சா அவளுக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிருப்பேன். இந்தப் படியில, நீங்க இப்ப இருக்கீங்களே இதே படியில, உக்காந்து தின்னுவா. நடையைத் தாண்டி உள்ள வரமாட்டா. வான்னு நானும் கூப்பிட்டதில்ல. அவ அப்பாவுக்க வார்த்தைக்கு நாங்க ரெண்டு பேரும் கொடுத்த மரியாதை அது. அவருக்குத் தெரியாமத்தான். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அவருக்கு அப்பவே ஞாபகம் தடுமாறத் தொடங்கிட்டு தம்பி. ஜங்ஷன்ல இருந்து வரும்போது ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கிட்டு வருவாரு. ரெண்டு பேரு இருக்க வீட்டுக்கு மூணு வாங்குவாரு. "மூணு எதுக்கு?"ன்னு கேட்டா, "கடைக்காரன் போட்டுட்டான்"ம்பாரு. மூணாவதைப் பிய்ச்சுக் காக்காவுக்குப் போடுவேன். இன்னொண்ணு, வாசல் வரைக்கும் வந்துட்டு உடனே உள்ள வரமாட்டாரு. ரோட்டுல நின்னு இருமுவாரு. குடையை மடக்குவாரு, விரிப்பாரு, மடக்குவாரு. இருமல் கேட்ட உடனே நான் பியூலாவைக் கிளப்பி விட்டிருவேன். அவ மேல ஏறி மறைஞ்ச பொறவுதான் அவரு உள்ள வருவாரு. எப்பவும் அப்படித்தான், நல்ல வேளைக்கு. ஒருநாளும் பிடிபடல்ல. ஆண்டவர் எங்களைக் காப்பாத்தினாருன்னு நினைச்சுக்குவேன்.

கடைசியா வந்த அன்னைக்கு மழை விட்டு விட்டுப் பெய்ஞ்சுக்கிட்டிருந்தது. கண்ணு மஞ்சளா இருக்கு. தலை சீவல்ல. கஞ்சியும் பயறும் கொடுத்தேன். ரெண்டு கரண்டி குடிச்சுட்டுத் தட்டை வச்சுட்டா.

"அம்மா, கொஞ்ச நேரம் உள்ள கட்டில்ல படுத்துக்கிட்டுமா"ன்னா.

"அப்பா வாற நேரம் மக்களே"ன்னேன்.

"சரி"ன்னா. என்ன செய்ய, அவரு வாற நேரம்தானே. படியில சாஞ்சு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டா. அன்னைக்குன்னு பாத்து இருமல் சத்தம் கேக்கவே மாட்டேங்குது. இருட்டத் தொடங்கியும் ஆளைக் காணல்ல. எனக்குத்தான் பயம். "நேரமாச்சு, போ பிள்ளே. இசக்கியப்பன் தேடுவான்"னு நானே எழுப்பி விட்டேன். ஏறிப் போனா. பாதி ஏத்தத்துல பலாவுக்க அடிமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. திரும்பிப் பாக்கல்ல. மூச்சு வாங்கிட்டுப் போயிட்டா. நான் இங்கயே நின்னு, அவ தலை மறையுத வரைக்கும் ஜெபம் பண்ணினேன்.

அவரு அன்னைக்கு எங்க போனாருன்னு கேக்கீங்களா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதில்ல உக்காந்திருந்தாராம், மழைக்கு நனைஞ்சுக்கிட்டு. எதிர்வீட்டு ரோஸ்லெட் மறுநாள் சொன்னா. "அண்ணன் ஏன் வீட்டுக்குள்ள போகாம உக்காந்திருந்தாவ, சண்டையா?"ன்னு கேட்டா. நான் என்னத்தக் கண்டேன். வயசானா புத்தி அப்படித்தான் போகும்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில சேத்தாங்க. அதுக்கு அடுத்த வாரம் இல்ல. அவங்க வழக்கப்படி எரிச்சுட்டாங்க. நம்ம கல்லறைத் தோட்டத்துல அவளுக்கு ஒரு சிலுவை நாட்ட இடம் இல்லாமப் போச்சு. என்னால போக முடியல்ல. அவரு போகாதேன்னு சொல்லல்ல, சரி. ஆனா போன்னும் சொல்லல்லையே? நான் சரிவுல ஏறி பலா மரத்தடியில நின்னு பாத்தேன். ரப்பர் மரத்துக்கு மேல ஒரு புகை தெரிஞ்சுது. எந்த வீட்டு அடுப்புப் புகையோ, அந்தப் புகைதானோ, தெரியாது. அதைப் பாத்துத்தான் ஜெபிச்சேன். அவரு அன்னைக்கெல்லாம் முன்னறையை விட்டு வெளிய வரல்ல. சோறு வேண்டாம்னாரு. கேட்டதுக்கு, வயிறு சரியில்லைன்னாரு. மகளுக்க சாவன்னைக்கு வயித்தைப் பத்திப் பேசுத மனுசன்.

டீ ஆறுது, குடிங்க.

நாங்க பேய் பிசாசு நம்புதவிய இல்ல தம்பி. முதல்லயே சொல்லிப்புடுதேன். மரிச்சவங்க கடைசி எக்காளம் வரைக்கும் நித்திரையில இருப்பாங்கன்னுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கு. ஆனா அவ போன பொறவும் சாயங்காலம் ஆனா அந்த இலைச் சத்தம் வரும். பொறவு குதிகால் சத்தம் இறங்கும். அடுக்களை வாசல் வரைக்கும் வந்து நிக்கும். உள்ள வராது. எனக்குப் பயமே இல்ல. நான் பாட்டுக்குத் தேங்கா துருவிக்கிட்டு, ஜெபப்பாட்டு ஒண்ணை மெதுவாப் பாடிக்கிட்டு இருப்பேன். கொஞ்ச நேரம் இருக்கும், போயிரும். உயிரோட இருக்கும்போது வந்ததை விட அதிகமா வந்தா.

அப்படி இருக்கத்தான் ஜே.சி.பி. வந்துது.

காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கடகடன்னு சத்தம். அது கையை நீட்டி ஒரு அள்ளு அள்ளினா, நாங்க முப்பது வருசமா நடந்த தரை டிப்பர்ல போய் விழுந்திரும். பலாவைச் சாய்ச்சாங்க. வேரு கிளம்பும்போது ஒரு வாசம் வந்துது பாருங்க, அடைச்சு வச்ச அறையைத் திறந்த மாதிரி. டிப்பர்காரன் ஒவ்வொரு லோடுக்கும் ஆரன் அடிப்பான். நான் எண்ணல்ல. எண்ணக் கூடாதுன்னே உள்ள போய் உக்காந்துட்டேன். பிள்ளைகளுக்க அப்பா மட்டும் குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னு பாத்தாரு. "மேல தோட்டத்தோட சேருத இடத்தை நல்லா நேரா வெட்டு டென்னிசா. யாரும் இறங்க முடியாதபடி செங்குத்தா இருக்கணும்"னாரு. "ஆடு கூட இறங்காது அண்ணே"ன்னான் அவன். ஆட்டைப் பத்தி யாரு பேசினா?

முதல் நாள் வேலை முடிஞ்சு அவங்க போன பொறவு துணி எடுக்க இந்தப் பள்ளத்துக்குள்ள இறங்கினேன். தரை எல்லாம் செவப்பு, மழைக்கு நனைஞ்ச செங்கல்லு மாதிரி. கொடியில இருந்து ஒரு சேலையை உருவுதேன். அப்பக் கேட்டுது.

என் தலைக்கு மேல.

தம்பி, நான் பொய் சொல்லுதவ இல்ல. அங்க ஒண்ணுமே கிடையாது, வெறும் ஆகாசம். ஆனா முன்ன தரை எவ்வளவு உயரத்துல இருந்துதோ, அதே உயரத்துல நடந்து வருது. முதல்ல எனக்கு எட்டாத உயரத்துல. பொறவு தலை உயரத்துல. பொறவு என் காதுக்கு நேரா ஒரு குதிகால். பொறவு தோளு. பொறவு இடுப்பு. சரிவு இருந்த மாதிரியே சரிஞ்சு சரிஞ்சு இறங்கி, அடுக்களை வாசல் வந்ததும் தரையோட தரையா நின்னுட்டு. பாவம், மண்ணை எடுத்துட்டாங்கன்னு அவளுக்கு யாரு சொல்லியிருப்பா?

நான் சேலையை மாருல சேத்துப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். என் பிள்ளை என் தலைக்கு மேல நடந்து போயிட்டா.

ரெண்டாம் நாள் வித்தியாசம் இருந்தது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். மேல தோட்டத்து ஓரத்துல வந்து நின்னுட்டா. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. கீழ இறங்க வழியைத் தேடுதான்னு நினைச்சேன். பொறவு ஒரு சத்தம். பொத்துன்னு. அந்தா, கடைசியில என்னை விட உயரமா நிக்குதே, அந்தச் சாட்சி மேல. பொறவு நடுவுல இருக்கே, என் நெஞ்சளவு, அது மேல. பொறவு இங்க முட்டளவுக்கு நிக்க இது. மூணே எட்டு. வந்துட்டா.

டென்னிசனுக்கு என்ன தெரியும், அவன் கணக்குக்கு விட்டான். எனக்கு அது படிக்கட்டாத்தான் தெரியுது. பழைய தரையில மிஞ்சினது அந்த மூணு துண்டுதான். அவ கால் வச்ச புல்லு இன்னும் அது மேல இருக்கு.

போதகர்கிட்டயும் போனேன். முழுசாச் சொல்லல்ல. மரிச்சவங்க வழி தெரியாமத் தவிப்பாங்களா ஐயான்னு கேட்டேன். "அவங்க இளைப்பாறுறாங்க, நீங்களும் இளைப்பாறுங்க"ன்னு ஜெபிச்சு விட்டாரு. நல்ல மனுசன். வீட்டுக்கு வந்து பாத்தா, நடுச் சாட்சியில ஓரம் உதிர்ந்து ஒரு பிடி மண்ணு கீழ கிடக்கு. டென்னிசன் பாத்துட்டு, காய்ஞ்சா உதிரும்னான். ஓணான் ஏறியிருக்கும்னான். அதுக்கும் அவனுக்குத் தயாரா ஒரு பதில் இருக்கும். ஆனா தினம் சாயங்காலம் உதிருது. குதிகால் படுத பக்கமா உதிருது.

இதுதான் காரியம். நீங்க இன்னைக்கு அளந்து எழுதிட்டா நாளைக்கு அதை இடிச்சிருவாங்க. இடிச்சா என் பிள்ளை எதுல கால் வச்சு இறங்குவா? எட்டடி உயரத்துல, அந்த வெட்டுச் சுவரு மேல நின்னு, கீழ வெளிச்சம் தெரியுத அடுக்களையைப் பாத்துக்கிட்டே நிக்கணுமா? சுகமில்லாம வந்தவ, அன்னைக்கும் படுக்காமப் போனவ.

என்ன சொன்னீங்க?

முன்வாசல் வழியா வரலாமேன்னா?

அது எப்படி தம்பி. நடையில கால் படப்படாதுன்னு சொன்னவரு அங்கதானே உக்காந்திருக்காரு. இத்தனை வருசம் அந்த வார்த்தையை நான் காத்திருக்கேன். அவரு உயிரோட இருக்க வரைக்கும் மீற முடியுமா? அவரு வாயால ஒரு வார்த்தை, அவ வரட்டும்னு, சொன்னா அது வேற. சொல்லமாட்டாரே. கல்லு மனசு.

அதோட அவருக்கு இப்ப ரொம்பவே முடியாமப் போச்சு. மண்ணு எடுத்த நாள்ல இருந்து ஜங்ஷனுக்குப் போறதை விட்டுட்டாரு. சாயங்காலம் ஆனா நாற்காலியை முன்னால, வாசலுக்கு நேராப் போட்டு உக்காந்திருவாரு. கேட்டை மல்லாக்கத் திறந்து போட்டிருவாரு. முன்லைட்டைப் போட்டுருவாரு, இருட்டக்கூட வேண்டாம். நாய் வருது, மாடு வருது. நான் போய் அடைச்சிட்டு லைட்டை அணைச்சிட்டு வாறேன். திரும்பிப் பாத்தா மறுபடி திறந்து கிடக்கு. எந்திரிக்க நாலு தடவை மூச்சு விடுத மனுசன், அதுக்கு மட்டும் எந்திரிக்காரு. "எதுக்கு இப்படித் திறந்து போடுதீங்க?"ன்னு கேட்டேன். "காத்து வரட்டும்"னாரு. கேட்டு வழியாத்தான் காத்து வருமா? போன வாரம் முன்னறைக் கட்டில்ல புது விரிப்பு விரிச்சு வச்சிருக்காரு, அதுல யாரும் படுக்கதில்ல. "ஜெபின் வர இன்னும் நாள் கிடக்கே"ன்னேன். நான் அதை மடக்கிப் பெட்டியில வச்சேன். தூசி அடையும்லா.

பாவம்தான். அவருக்காகவும் ஜெபிக்கேன். அந்த மனசை இளக்கும் ஆண்டவரேன்னு. தினமும் அந்த ஒரு ஜெபம்தான்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கீங்க? டீயில எறும்பு எதுவும் கிடக்கா?

சரி, நான் கேக்க வந்ததைக் கேட்டிருதேன். அந்த மூணையும் அப்படியே விட முடியாதுன்னா, மகனுக்கு லான் வேணுமே, அது எனக்கும் தெரியும், அப்ப அந்த ஓரத்துல ஒரு படி கட்டிக் கொடுங்க. மேல தோட்டத்துல இருந்து கீழ என் அடுக்களை வரைக்கும். பெருசா வேண்டாம், ஒரு ஆளு இறங்குத அகலம் போதும். எடுத்த மண்ணுல எத்தனை லோடு திரும்பக் கொண்டுவரணும்னு நீங்க கணக்குப் போட்டுச் சொன்னா, டென்னிசன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். திரும்பப் போட்டு இடிச்சுக் கெட்டியாக்கினா மண்ணு தாழும்னு அவன் சொல்லியிருக்கான், அந்தக் குறைச்சலையும் சேத்துப் போடுங்க. படி உயரம் ரொம்ப வேண்டாம். அவளால காலைத் தூக்கி வைக்க முடியாது, கடைசியில ரொம்பச் சோர்ந்துதான் இருந்தா.

இருங்க. கேட்டீங்களா?

இல்ல, பின்னால இல்ல. அவ வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. முன்னால. அந்தக் கேட்டுக்க சத்தம்தான். கொஞ்ச முன்னதான் அடைச்சுட்டு வந்தேன், அதுக்குள்ள திறந்துட்டாரு மனுசன். லைட்டும் போட்டுட்டாரு பாருங்க, வெளிச்சம் இங்க வரைக்கும் வருது.

நீங்க கணக்கைப் போட்டுக்கிட்டு இரிங்க தம்பி. நான் போய் அடைச்சுட்டு வந்திருதேன்.